பன்னிரண்டே முக்காலுக்கு வரும் சத்தம்

பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியதும் அந்த ஷூ கம்பெனியில் நானூறு பெண்கள் கையை உதறிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவார்கள். ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கமாகச் சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடுவாள். ஓட்டம் என்றால் நிஜமான ஓட்டம். நாற்பத்தாறு வயதில், முழங்காலில் பிடிப்பு வந்துபோகிற உடம்போடு, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஓடுகிற பெண்ணைப் பார்த்தால் புதிதாகச் சேர்ந்தவர்கள் எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று பதறுவார்கள். பழையவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "பிரிசில்லாக்கா வூட்டுக்குப் போவுது" என்பதோடு சரி.

சாப்பாட்டு நேரம் நாற்பது நிமிடம். கம்பெனியிலிருந்து மின்னூர்ப் பக்கத்தில் இருக்கும் அவள் வீட்டுக்கு நாலரை கிலோமீட்டர். மோட்டார் வைத்த சைக்கிளில் போக பன்னிரண்டு நிமிடம், வர பன்னிரண்டு நிமிடம். மிச்சம் பதினாறு நிமிடம். அந்தப் பதினாறு நிமிடத்துக்குள் அவள் கணவன் தானியேலைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், துடைக்க வேண்டும், சோறு ஊட்ட வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும். அவள் எப்போது சாப்பிடுவாள் என்று கேட்காதீர்கள். நானும் ஒரு தடவை கேட்டு, "அதெல்லாம் ஒரு வேளையா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிரிசில்லா பிறந்தது பேரணாம்பட்டில். பத்தாவதில் கணக்கு காலை வாரிவிட்டது. பதினேழு வயதில் ஆம்பூருக்கு வந்து ஷூ கம்பெனியில் நூல் வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். அப்புறம் பசை தடவினாள், ஓரம் மடித்தாள், தையல் மெஷினில் உட்கார்ந்தாள். கடைசி பதினோரு வருஷமாகச் செக்கிங் டேபிள். தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, ஓட்டைகளைப் பார்த்து, தையலைப் பார்த்து, குறை இருந்தால் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். இருபது விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டாள். குறியிட ஒரு சில்வர் பேனா வைத்திருப்பாள். தோலில் பளிச்சென்று தெரியும், துடைத்தால் போய்விடும்.

இந்தக் குறை பார்க்கிற புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. அடுத்த வீட்டுக் கதவின் கீல், சர்ச் மைக்கின் ஒயர், மகளின் கல்யாணப் புடவை ஓரம், எதுவும் தப்பாது. "கல்யாணத்தன்னிக்கே என் நெத்தில ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி இருப்பா, பாதர் பார்த்துக்கினு இருந்தாரேன்னு வுட்டுட்டா" என்று தானியேல் எல்லாரிடமும் சொல்வான்.

தானியேல் ஒரு தோல் தொழிற்சாலையில் டிரம் மெக்கானிக்காக இருந்தவன். தோல் ஊறுகிற பெரிய மர டிரம்கள் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். ஐந்து வருஷத்துக்கு முன், மழைக்கு முன்னால் சரிசெய்துவிடலாம் என்று தன் வீட்டுக் கூரை ஷீட்டின் மேல் ஏறினான். ஷீட் உடைந்தது. கழுத்தெலும்பு போயிற்று. பாகாயம் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்துப் பார்த்தார்கள். உயிரையும் பேச்சையும் காதையும் திருப்பிக் கொடுத்தார்கள். தலையைத் திருப்புவான். தோளைக் கொஞ்சம் அசைப்பான். விரல்கள் மடங்காது. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடணும், மூணு மணி நேரத்துக்கு மேல ஒரே பக்கம் படுத்தா புண்ணு வந்துடும். புண்ணு வந்தா அப்புறம் எங்க கையிலயும் இல்ல" என்று அங்கே ஒரு சிஸ்டர் அவள் கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினாள். ஐந்து வருஷத்தில் ஒரு புண் வரவில்லை. பிரிசில்லாவின் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொள்கிற விஷயம் இது ஒன்றுதான்.

காலை எட்டு மணிக்கு அவள் புரட்டிவிட்டுப் போவாள். பத்தரைக்குப் பக்கத்து வீட்டு பாக்யலட்சுமி வந்து புரட்டுவாள். ஆனால் பாக்யலட்சுமிக்குப் பள்ளிக்கூடச் சத்துணவில் வேலை. மதியம் சரியாக நூறு பிள்ளைகள் தட்டோடு நிற்கிற நேரத்தில் அவளை எப்படிக் கூப்பிடுவது? மூன்று மணிக்குத்தான் மறுபடி வருவாள். இடையில் இருக்கிற அந்த மதிய முறை பிரிசில்லாவுடையது. அது தவறினால் நாலரை மணி நேரம் ஒரே பக்கம். மகள் கல்யாணமாகிச் சத்துவாச்சாரியில் இருக்கிறாள். "அப்பாவ இங்க கூட்டியாந்துடுமா" என்பாள். அவளுடையது இரண்டு அறை வீடு, அதில் மாமனார், மாமியார், கைக்குழந்தை. பிரிசில்லா "பார்க்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள்.

முதல் வருஷம் மிதித்தே போய்வந்தாள். திரும்பி வர எப்படியும் இருபது நிமிடம் தாமதமாகும், தினமும் திட்டு விழும். ஸ்கூட்டி ஓட்டிப் பார்த்தாள், இரண்டு தரம் விழுந்தாள், வேண்டாம் சாமி என்று விட்டாள். அப்போதுதான் ஆம்பூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிற வாஹித் பாஷா, பின்சக்கரத்துக்குள் மோட்டாரும் கேரியரில் பேட்டரியும் வைத்து அவளுடைய பழைய சைக்கிளையே ஓடவைத்துக் கொடுத்தார். வாஹித் பாஷாவும் பதினெட்டு வருஷம் தோலில் கிடந்தவர்தான். தோலைத் தேய்க்கும்போது பறக்கிற பஃபிங் தூசு நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் கடை போட்டவர்.

வண்டி பறந்தது. கூடவே ஒரு சத்தமும் வந்தது. மிதிக்கிறபோது பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போன சைக்கிள், மோட்டாரில் இருபத்தைந்தில் போனால் என்ன ஆகும்? சைக்கிள் அதேதான், மட்கார்டு அதே மெல்லிசுத் தகடுதான், ரோடும் அதே ரோடுதான். குண்டும் குழியும் இரண்டு மடங்கு வேகத்தில் வந்து மோதின. மட்கார்டு ஆட, மட்கார்டைத் தாங்குகிற கம்பி ஆட, செயின் கவர் ஆட, பேட்டரிப் பெட்டி ஆட, தண்ணீர் டேங்க் திருப்பத்தில் அவள் வரும்போதே தெருவுக்கே கேட்கும். சந்துக்குள் மெதுவாக உருட்டினால் சத்தம் இராது. வேகத்தில் வந்தால்தான்.

தானியேலுக்கு அந்தச் சத்தம் ஒரு பொழுதுபோக்கு. அவள் உள்ளே நுழைவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

"பாண்டு செட்டு வந்துடுச்சா? பின்னாடி கேரியர் நட்டு ஒண்ணு லூஸு. எடது பக்கம்."

போய்ப் பார்த்தால் இடது பக்கம்தான் தளர்ந்திருக்கும். சிரித்த முகமாகத்தான் எப்போதும் படுத்திருப்பான். அவன் கன்னத்துக்குக் கீழே விரித்திருக்கும் துண்டு மட்டும் தினமும் ஈரமாக இருக்கும். "வேர்வை" என்பான். ஃபேனைக் கூட்டிவைத்துவிட்டு வேறு துண்டு மாற்றுவாள்.

சத்தத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போன வைகாசியில் முன் மட்கார்டு, ஃபோர்க்கில் மாட்டுகிற போல்ட் ஓட்டையிலிருந்து விரிசல்விட்டது. வாஹித் பாஷா வெல்டிங் வைத்தார். மூன்று வாரத்தில் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே கிழிந்தது. புதுத் தகடு போட்டார், இன்னும் இறுக்கமாக முடுக்கினார். அது இரண்டு மாதம் தாங்கி, மறுபடி ஓட்டையிலேயே போயிற்று. பிளாஸ்டிக் போட்டுப் பார்த்தார். அதுவும் அப்படியே.

"கழட்டிக் கடாசுமா, மட்கார்டு இல்லாம எத்தினி பசங்க ஓட்றானுங்க" என்றார் அவர்.

கழற்றிப் பார்த்தாள். வழியில் ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. அங்கே கோடையிலும் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். என்ன தண்ணீர் என்று கேட்காமல் கடந்துபோவதுதான் எங்கள் ஊர் வழக்கம். முன்சக்கரம் அந்தத் தண்ணீரை வாரி அவள் முகத்திலும் மார்பிலும் அடித்தது. சட்டத்தில் கட்டியிருந்த கன்ட்ரோலர் டப்பாவுக்குள் தண்ணீர் போய் மோட்டார் பாதி வழியில் நின்றது. போதாததற்கு அன்று டேபிளில் வெள்ளைத் தோல். கையைக் கழுவிவிட்டுத்தான் தொட்டாள், ஆனாலும் உடுப்பிலிருந்து ஒரு சொட்டு விழுந்து ஒரு ஜோடி பாழாயிற்று. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் தொட்ட ஷூவில் இன்னொருத்தி அம்பு ஒட்டினாள். அந்த அவமானம் அவளுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆக, மட்கார்டு வேண்டும். அது உடையாமலும் இருக்க வேண்டும். அப்போதுதான் அவள் ஆம்பூர்க்காரத்தனமான ஒரு காரியம் செய்தாள்.

எங்கள் ஊரில் எந்தச் சிக்கலுக்கும் கடைசி மருந்து ஒரு துண்டுத் தோல். நாற்காலி ஆடினால் காலுக்கடியில் தோல். கதவு அடித்துக்கொண்டால் நிலையில் தோல். ஃபேன் கிரீச்சிட்டால், குக்கர் பிடி ஆடினால், எதற்கும் தோல். கட்டிங்கில் விழும் கழிவிலிருந்து நல்ல கெட்டித் துண்டாகப் பொறுக்கி, வட்டம் வட்டமாக வெட்டி, புது மட்கார்டின் ஒவ்வொரு போல்ட்டுக்கும் தோல் வாஷர் போட்டாள். வாஹித் பாஷா பார்த்துவிட்டு, "சபாஷ், எனக்கு இது தோணலியே" என்று தன் கையாலேயே முடுக்கிக் கொடுத்தார். முன்பக்கச் சத்தம் குறைந்தது. ஒரு மாதம் நன்றாகவே ஓடியது.

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. அப்புறம் இரண்டு நாள் சுள்ளென்று வெயில். மூன்றாம் நாள், ஒரு புதன்கிழமை, அவள் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது தானியேல் சொன்னான்.

"முன்னாடி சத்தம் மாறிப்போச்சு பிரிசி. தட்டுற சத்தம் வருது. வலது பக்கம் கம்பி பாரு."

"தோல் வாஷர் போட்டிருக்கேங்க, அது எங்கியும் போவாது. வாயத் தொறங்க."

மறுநாள் வியாழன், சுரங்கப்பாதையைத் தாண்டி மேடேறுகிற இடத்தில் முன் மட்கார்டின் வலது கம்பி அவிழ்ந்தது. மட்கார்டு சக்கரத்தின் மேல் சாய்ந்தது. சக்கரம் அதையும் கம்பியையும் உள்ளே இழுத்துக்கொண்டு சட்டென்று நின்றது. சைக்கிள் நின்றது, பிரிசில்லா நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலே தாவி, முகவாயும் இரண்டு உள்ளங்கையும் தார் ரோட்டில் தேய விழுந்தாள். பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரன் பிரேக் அடித்த சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

எழுந்து உட்கார்ந்ததும் அவள் முதலில் பார்த்தது போனில் மணியைத்தான். சுழலாத சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போய்ச் சேர ஒன்றரை ஆகிவிட்டது. தானியேல் அவளைப் பார்த்தான், முகவாயிலிருந்து சொட்டும் ரத்தத்தைப் பார்த்தான், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அது அவளுக்கு விழுந்ததைவிட வலித்தது.

மறுநாள் காலையில் ஃப்ளோர் மேனேஜர் தௌசீப் அகமது கூப்பிட்டார். முப்பத்தைந்து வயசு இருக்கும். கெட்ட மனுஷன் இல்லை. முகவாயில் போட்டிருந்த பிளாஸ்திரியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பிரிசில்லாமா, வேலை நேரத்துல வெளிய போய் உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்கு இன்னா பதில் சொல்றது? கேட் பாஸ் குடுத்தது நான்."

"வண்டிய சரி பண்ணிட்றேன் சார்."

"இதோட எத்தனாவது தரம் சரி பண்றீங்க? இனிமே நான் கண்ணால பார்த்து நம்பினாத்தான் பாஸ். இல்லன்னா மதியம் கேட்டு தொறக்காது. என்னைப் பேஜார் பண்ணாதீங்க."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் அழுகை வந்தது. யாரையாவது திட்ட முடிந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வெள்ளியும் சனியும் மதிய முறை தவறியது. மழை லீவுக்கு ஈடாகச் சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் இருந்தது. பாக்யலட்சுமி முடிந்த வரைக்கும் ஓடிவந்து பார்த்தாள், ஆனாலும் இரண்டு நாளும் மணி இரண்டரை ஆகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் தானியேலைத் துடைக்கும்போது இடது இடுப்பெலும்பின் மேல் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினாள். சிவப்பு வெளுக்கவில்லை. வெளுக்காவிட்டால் அது புண்ணின் ஆரம்பம் என்று பாகாயத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"இன்னா, எதுனா இருக்குதா?" என்றான் தானியேல்.

"ஒண்ணும் இல்ல. கொசு கடிச்சிருக்குது."

அவளுக்கு வேறு வழி இரண்டுதான். வேலையை விட வேண்டும், இல்லை மகள் வீட்டுக்கு அவனை அனுப்ப வேண்டும். வேலையை விட்டால் சாப்பாடு இல்லை. மகள் வீட்டுக்கு அனுப்பினால் அவன் அங்கே கூச்சத்திலேயே செத்துப்போவான். இவ்வளவும் போய் ஒரு மட்கார்டில் தொங்குகிறதே என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும். உடைந்த மட்கார்டுகள் மூன்றையும் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துத் தரையில் வரிசையாக வைத்து, செக்கிங் டேபிளில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். கட்டைவிரலால் தடவினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, விழுந்த சைக்கிளையும் ஒரு ஆட்டோவில் போட்டுக்கொண்டு வாஹித் பாஷா கடைக்குப் போய் அந்த மூன்றையும் அவர் முன்னால் போட்டாள். சர்ச்சுக்குக் கட்டின புடவை, கையில் துருப்பிடித்த தகடு.

"பாய், மூணுலயும் பாருங்க. எங்க கிழிஞ்சிருக்குது?"

"ஓட்டைல."

"தகடு, வெல்டிங்கு வச்ச தகடு, பிளாஸ்டிக்கு. மூணும் ஒரே எடத்துலதான். எங்க டேபிள்ல தினம் வர்ற கேஸ் பாய் இது. லேஸ் போடற ஓட்டைக்குப் பின்னாடி டேப் வச்சுத்தான் ஓட்டை போடுவாங்க. டேப் வைக்காம அனுப்புனா, அச்சுல வச்சு இழுக்கறப்போ ஓட்டைலருந்து கிழியும். ஓட்டை ஓரம் பிசிறா இருந்தாலும் கிழியும். நீங்க அதைப் போய் இன்னும் இறுக்கறீங்க."

"தோலும் தகடும் ஒண்ணாமா?"

"கிழியற எடம் ஒண்ணுதான பாய்?"

வாஹித் பாஷா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றையும் எடுத்துப் பார்த்தார். பிறகு கீழே விழுந்த சைக்கிளில் மிச்சமிருந்த ஒரு தோல் வாஷரைக் கழற்றி நகத்தால் அழுத்தினார். வறண்ட அப்பளம்போல் சுருங்கி, அப்படியே மடங்கிப்போயிருந்தது.

"நனைஞ்சா ஊதும், காஞ்சா சுருங்கும். சுருங்குனா நட்டு லூஸு" என்றார் மெல்ல. "பதினெட்டு வருசம் இதுலயே கெடந்தேன். எனக்கே தோணலியே. உன்ன வுழ வச்சது நாந்தாம்மா."

"வெட்டிக் குடுத்தது நானு. என் ஆளு மொத நாளே சொல்லிச்சு, சத்தம் மாறிப்போச்சுன்னு. நான் கேக்கல. அத வுடுங்க பாய், வேலையப் பாப்பம்."

அன்று கடைக்கு விடுமுறை. பாக்யலட்சுமிக்கும் விடுமுறை, தானியேலைப் புரட்டுகிற பொறுப்பை அவளிடம் விட்டுவந்திருந்தாள். இருந்தும் ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். புது மட்கார்டின் ஓட்டை ஓரத்தை அவர் ராவினார், அவள் விரலை விட்டுப் பார்த்து "இன்னும்" என்றாள். மூன்று தரம் "இன்னும்" என்றாள். ஓட்டைக்குப் பின்னால் கெட்டித் தகட்டில் ஒரு பட்டை வைத்தார்கள். அந்த லேஸ் ஓட்டை டேப்பின் வேலைதான் அதற்கும். இரண்டு பக்கமும் ஷூ அடிப்பாகத்துக்குப் போடுகிற ரப்பர் ஷீட்டில் வெட்டிய வாஷர், அதற்குமேல் அகலமான இரும்பு வாஷர். நட்டு, உள்ளே நைலான் வளையம் வைத்தது. அது ஆட்டத்துக்குச் சுலபத்தில் சுழன்று கழலாது.

கம்பியை மாட்டும்போது மட்டும் சண்டை வந்தது. கம்பியின் முனை ஃபோர்க்கில் இருக்கிற ஓட்டைக்கு அரை விரற்கடை எட்டாமல் நின்றது. வாஹித் பாஷா வழக்கம்போல் ஒரு கையால் இழுத்துப் பிடித்து போல்ட்டை நுழைக்கப் போனார்.

"இழுக்காதீங்க பாய். இழுத்து மாட்டுனா அது எப்பவும் இழுத்துக்கினேதான் இருக்கும். சும்மா வச்சா ஓட்டைக்கு நேரா நிக்கணும்."

"உங்க கம்பெனில உன்கூட எப்படிம்மா வேலை செய்யறாங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் கம்பியை வைஸில் இறுக்கி வளைத்தார். நாலாவது தடவையில் கம்பி தானாகவே ஓட்டைக்கு நேராக வந்து உட்கார்ந்தது. கம்பியின் கீழ்முனைகளில் அவர் தன் பங்குக்கு இரண்டு பிளாஸ்டிக் கிளிப் போட்டார். குச்சியோ கல்லோ சிக்கி மட்கார்டை உள்ளே இழுத்தால், கிளிப் தானாகக் கழன்றுகொள்ளும். சக்கரம் நிற்காது. பிறகு டயரை அழுத்திப் பார்த்துவிட்டு, "காத்தக் கல்லு மாதிரி அடிச்சு வச்சிருக்க" என்று கொஞ்சம் இறக்கிவிட்டார்.

முன்பக்கத்தோடு அவள் விடவில்லை. பின் மட்கார்டு, செயின் கவர், கேரியர், பேட்டரிப் பெட்டியின் அடி, எல்லாவற்றுக்கும் ரப்பர் வைக்கச் சொன்னாள். எல்லாம் முடிந்ததும் கைப்பையிலிருந்து சில்வர் பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு நட்டின் மேலும் தொடங்கி, போல்ட் முனையைக் கடந்து, பக்கத்துத் தகடு வரைக்கும் ஒரே நேர்கோடு இழுத்தாள். இருபத்துமூன்று கோடு. நட்டு நூலிழை சுழன்றாலும் கோடு உடைந்துபோகும். ஸ்பேனர் வேண்டாம், காலையில் ஒரு பார்வை போதும்.

"இது வண்டியா, பரீட்சைப் பேப்பரா?" என்றார் வாஹித் பாஷா. ஆனால் கடையில் நின்ற இன்னொரு மோட்டார் வைத்த சைக்கிளின் நட்டில் தானும் ஒரு கோடு இழுத்துப் பார்க்கப் பேனாவை இரவல் கேட்டார்.

திங்கட்கிழமை எட்டேகாலுக்குத் தௌசீப் அகமது சைக்கிள் ஸ்டாண்டில் குனிந்து நின்றார். கோடுகள் எதற்கு என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறி, லோடு இறக்குகிற முற்றத்தின் குழிகளாகப் பார்த்து நாலு சுற்றுச் சுற்றினார். தையல் பிரிவு ஜன்னலில் பத்துத் தலைகள் எட்டிப் பார்த்தன. இறங்கி மறுபடி கோடுகளைப் பார்த்தார். எதுவும் உடைந்திருக்கவில்லை.

"நம்ம மெஷினுக்கே யாரும் இப்படிப் போடலியேம்மா" என்றவர் பாஸில் கையெழுத்துப் போட்டார். "தினம் காலையில எனக்கு இந்தக் கோட்டைக் காட்டிட்டு டேபிளுக்குப் போங்க."

பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியது. பிரிசில்லா ஓடினாள்.

மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. சுரங்கப்பாதைத் தண்ணீர் மட்கார்டுக்குள்ளேயே அடித்துக் கீழே வழிந்தது. அந்தத் தண்ணீர் அவள் மேல் ஒரு சொட்டுப் படவில்லை. மேடேறும்போது தான் விழுந்த இடத்தைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். அப்புறம்தான் கவனித்தாள். சத்தமே இல்லை. மோட்டாரின் மெல்லிய ஓசை, ஈர ரோட்டில் டயர் உருளுகிற ஓசை, அவ்வளவுதான். தண்ணீர் டேங்க் திருப்பம் வந்தது, போயிற்று, ஒரு நாய்கூடத் தலை தூக்கவில்லை. மனசு நிறைந்துபோயிற்று. உள்ளே போனதும், "எங்க, எந்த நட்டு லூஸுன்னு இப்ப சொல்லுங்க" என்று அவனைக் கேட்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சைக்கிளைக் கூரைக்கடியில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கதவைத் தள்ளினாள்.

தானியேல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அவள் வந்தது அவனுக்குத் தெரியவில்லை. வாய் கோணியிருந்தது. கண்ணிலிருந்து வழிந்தது மூக்கைத் தாண்டிப் பக்கவாட்டில் இறங்கித் துண்டில் போய்க்கொண்டிருந்தது. "வந்துடு பிரிசி, வந்துடு பிரிசி" என்று உதடு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. சத்தம் போட்டு அழுதிருந்தால் அவள் அங்கேயே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருப்பாள். அது யாருக்கும் காட்டுவதற்கான அழுகை இல்லை. தினமும் அழுது பழகிய ஒருவன் தனியாக இருக்கும்போது அழுகிற அழுகை.

அப்போதுதான் அவளுக்கு அந்த ஈரத் துண்டு புரிந்தது. நாலு வருஷம். டேங்க் திருப்பத்திலிருந்து வாசல் வரைக்கும் ஒன்றரை நிமிடம். தடதடவென்று சைக்கிள் வருகிற அந்த ஒன்றரை நிமிடத்தில் அவன் தலையைத் திருப்பி, முகத்தைத் துண்டில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, ஒரு கேலியைத் தயார் பண்ணி வைத்துக்கொண்டு அவளுக்காகச் சிரித்த முகமாக இருந்திருக்கிறான். கையால் துடைத்துக்கொள்ள முடியாதவனுக்கு அந்தச் சத்தம்தான் கை. அதைத்தான் அவள் நேற்று ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து இல்லாமல் ஆக்கியிருக்கிறாள்.

பின்னாலேயே ஓர் அடி வைத்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு டேங்க் வரைக்கும் போனாள். டேங்குக்குப் பின்னால் நின்று வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு அழுதாள். அதிகம் அழ நேரமில்லை. பதினாறு நிமிடத்தில் ஏழு போய்விட்டது. முகத்தைக் குழாயில் கழுவினாள். ஏறி உட்கார்ந்து, டேங்க் திருப்பத்திலிருந்து வாசல் வரைக்கும் விடாமல் பெல் அடித்துக்கொண்டே வந்தாள். பாக்யலட்சுமி வீட்டுக் கோழிகள் திண்டாடிப்போயின.

உள்ளே தானியேல் சிரித்த முகமாகப் படுத்திருந்தான்.

"இன்னா பிரிசி, பாண்டு செட்டு எங்க? வெறும் பெல்லு மட்டும் வருது?"

"வழியெல்லாம் கோழி. இனிமே அடிச்சிக்கினுதான் வரணும்."

அவனைப் புரட்டினாள். இடுப்புச் சிவப்பை அழுத்திப் பார்த்தாள். இன்றைக்குக் கொஞ்சம் வெளுத்துத் திரும்பியது. கன்னத்துக்கடியில் இருந்த துண்டை எடுத்தாள். நனைந்திருந்தது.

"வேர்வை" என்றான் அவன்.

"ஆமாங்க. வெயில் இன்னிக்கு ரொம்ப ஜாஸ்தி" என்றாள். வெளியே தூறல் வலுத்துக்கொண்டிருந்தது. அவள் வேறு துண்டை மடித்து அவன் முகம் எட்டுகிற மாதிரி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே வைத்தாள்.

மறுநாள் காலை தௌசீப் அகமது கோடுகளை எண்ணினார். இருபத்துநாலு இருந்தது. ஒன்று அதிகமாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, அது பெல்லின் திருகுக்குப் போட்டது என்று மட்டும் அவள் சொன்னாள்.